பூட்ட மறந்த அலமாரி



1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். போர்க்காலத்தில் நம் கொடைக்கானலில் வந்து தங்கியிருந்தாரே, அவரேதான். அங்கே பொருள்களெல்லாம் ஒரு பெரிய அலமாரியில் பூட்டியே இருந்தன. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாகவும் வந்தார். பார்த்தால், பிள்ளைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டு. அம்மையாருக்கோ, தனக்கு எது வேண்டுமென்று அறிந்த பிள்ளைகள் தெரிந்தார்கள். அதன்பின் அவர்களுக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகள் வந்தன. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதும் பிள்ளைகளின் வேலையாயிற்று.

நம் மழலையர் வகுப்பில் வண்ணத்தாளும் பசையும் எங்கே இருக்கின்றன? பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில். குடிலுக்காக அவன் கோணலாக ஒட்டிய நட்சத்திரத்தை, பெற்றோர் பார்ப்பார்களே என்று பிரித்து நேராக ஒட்டுகிறோம். செய்தது நாம், பெயர் மட்டும் அவனுடையது!

பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். சீடர்களும் ஒழுங்கு கருதித்தான் அதட்டியிருப்பார்கள்.

குடிலைப் பிரிக்கும் நாள் வருகிறது. இம்முறை தாள்களையும் பசையையும் கீழ்த்தட்டுக்கு மாற்றுவோம். நட்சத்திரத்தை எங்கே வைப்பதென்று அதை ஒட்டியவனையே கேட்போம்.