கீரை கண்ணுக்குள்ளே வேண்டாம், தட்டில் இருக்கட்டும்

நூறு நாள் வேலை, முந்திரிக்காடு, கடலைக் களையெடுப்புன்னு நம்ம கண்ணு வெயில்லயே கிடக்கு. வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் கண் செல்களில் அழற்சியை உண்டாக்கும். வருஷக்கணக்கானால் கருவிழி மேல சதை வளரும்.

முருங்கைக்கீரையில் லூட்டின் என்ற சத்து இருக்கு. கீரமங்கலம் சந்தைக்குப் போகுதே செண்டிப்பூ, அதிலிருந்தும் இதை எடுத்து மாத்திரை ஆக்குறாங்க. உடம்பு இதைத் தானாக உண்டாக்காது. சாப்பிட்டால்தான் விழித்திரையில் போய்ச் சேரும். இதுபோன்ற தாவரச் சத்துகள் கதிர் பட்ட கண் செல்களின் அழற்சியைக் குறைப்பதைப் பார்த்திருக்காங்க. ஆய்வுக்கூடத்தில்தான், கவனிங்க. அதைக் கேட்டுட்டு நந்தியாவட்டைச் சாறு, கீரைச் சாறுன்னு கண்ணில் விட்டுடாதீங்க அக்கா. கிருமி புகுந்து கருவிழி புண்ணானால் பார்வையே போயிடும்.

கீரையை எண்ணெய் விட்டு வதக்குங்க, சத்து அப்பத்தான் ஒட்டும். வேலைக்காட்டில் தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால இழுத்து விடுங்க. சதை தெரிந்தால் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் காட்டுங்க.