மென்டார் நோட்டில் நான் எழுதிய ‘நன்று’

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர்களுக்கான வழிகாட்டல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவன். அதனால் இதைப் பேசத் தகுதி இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போல. உண்மையில் இந்த விஷயத்தில் நான் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவன்.

மென்டார் நோட்டு உங்களுக்குத் தெரியும். ஒரு ஆசிரியருக்கு இத்தனை மாணவர்கள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை அவர்களோடு பேச வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும். நாக் குழு வருகிறது என்றால் எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டு அடுக்கி வைப்போம். எத்தனை மாணவருக்கு ஒரு வழிகாட்டி என்று அந்த மதிப்பீட்டில் கேட்கிறார்கள். எங்கள் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டியலில் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் இருந்தார். பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில்தான் அவர் பெயர் இல்லாததைக் கவனித்தேன். வருகைப் பதிவு போதவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் கல்லூரிக்கே வராத மூன்று மாதங்களுக்கும் என் கையெழுத்தில் ‘நன்று’, ‘நன்று’, ‘நன்று’ என்று இருந்தது. மாணவர் கையெழுத்து இடத்தில் பக்கத்து பெஞ்சு தோழி போட்டிருந்தார்.

போன் செய்தேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரவில்லை. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காததால் பணம் ஏறவில்லை. வீட்டில் கடன். பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டார். வங்கிக்கு ஒருமுறை போய்வந்தால் தீர்ந்திருக்கும் காரியம். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். “உங்ககிட்ட சொல்லலாம்னு எனக்குத் தெரியாது சார்” என்றார்.

அவர் திரும்பி வரவில்லை.

தோழர்களே, நானும் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன்தான். ஒரு தாளில் தோற்றபோது விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்பது எனக்குத் தெரியாது. என்னோடு தோற்ற வகுப்புத் தோழனுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவன் சித்தப்பா பேராசிரியர். அவன் அந்த ஆண்டே தேறினான். நான் அரியரோடு ஒரு வருடம் இழந்தேன். இதெல்லாம் தெரிந்த நானே ‘நன்று’ எழுதினேன் என்பதுதான் வெட்கம்.

ஆசிரியர் அறையில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: “இந்தப் பசங்களுக்கு விழிப்புணர்வே இல்லை.” ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிப்பதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே முடிந்துவிடும். மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது. அதை யாரும் விழிப்புணர்வு என்று சொல்வதில்லை. நம் பிள்ளை தேர்வெல்லாம் முடித்துவிட்டு மே மாதம் வந்து “ஐ.ஐ.டி.ல சேரணும் சார்” என்று நிற்கிறான். நிலம் போல, வீடு போல, தகவலும் இங்கே பரம்பரைச் சொத்துதான்.

பொறியியல் சேர்கிறவர்களுக்குக் கட்டணச் சலுகைக்காக முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதாவது, இந்தப் பிள்ளையின் வீட்டில் கல்லூரியைப் பற்றிச் சொல்லித்தர ஆளில்லை என்பது அரசுக்கே எழுத்துப்பூர்வமாகத் தெரியும். நான் பார்த்த கல்லூரிகளில் அந்தக் காகிதம் கட்டணப் பிரிவுக் கோப்போடு நின்றுவிடுகிறது. வழிகாட்டி ஆசிரியர் கண்ணில் படுவதே இல்லை.

நம் சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போன செந்தில்குமாரை மறந்துவிடக் கூடாது. பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். வழிகாட்டி கிடைப்பதும் கிடைக்காததும் உயிர் சம்பந்தப்பட்டது என்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அதற்கு முந்தைய ஆண்டுதான் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் பற்றிய அறிக்கையைத் தந்திருந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய உதவி கிடைப்பதில்லை என்று பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது.

உடனே சிலர் அம்பேத்கரைக் காட்டுவார்கள், அவர் படிக்கவில்லையா என்று. படித்தார். அவருக்கு ஒரு கேளுஸ்கர் இருந்தார். பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்த ஆசிரியர். அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியர்கூட இல்லை. 1907இல் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர் கல்லூரிப் படிப்பு நின்றுவிடாமல் பரோடா மன்னரிடம் அழைத்துப்போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்தார். அம்பேத்கரின் அறிவை நான் குறைக்கவில்லை. ஆனால் எல்லாப் பூங்காவிலும் ஒரு கேளுஸ்கர் வந்து உட்காருவாரா? அதனால்தான் இதை ஒருவரின் நல்ல மனசுக்கு விடக் கூடாது, வேலையாக ஆக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது என் நோட்டில் ‘நன்று’ கிடையாது. உதவித்தொகை ஏறியதா, அரியர் எத்தனை, வேலைக்குப் போகிறாயா என்று கேட்டு, சொன்ன பதிலை எழுதுகிறேன். தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு” என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர் இன்னமும் இருக்கிறார். அப்படிக் கிடைக்கிற உதவியே வேண்டாம் என்று உட்கார்ந்தே இருந்த நாட்கள் எனக்கும் உண்டு.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். யு.ஜி.சி. 2012 விதிகளின்படி உங்கள் கல்லூரியில் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். அவர் பெயர் என்ன, எந்த அறை என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். பெயர் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். படிப்பை முடித்தவர்கள், நீங்கள் தங்கிய விடுதிக்கு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். உரையெல்லாம் ஆற்ற வேண்டாம். விண்ணப்பத் தேதிகளை ஒரு சார்ட்டில் எழுதிச் சாப்பாட்டுக் கூடச் சுவரில் ஒட்டுங்கள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த வாசல் பக்கம் இருப்பேன். இந்த ஆண்டு உதவித்தொகை ஏறாதவர்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள்.