கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை



சில மாதங்களுக்கு முன் என் பேத்தியோடு அமர்ந்து ஒரு யப்பானியச் சித்திரப்படம் பார்த்தேன். 'ஸ்பிரிட்டட் அவே' என்பது அதன் ஆங்கிலப் பெயர். ஹயாவோ மியாசாக்கி என்ற புகழ்பெற்ற நெறியாளர் 2001 இல் எடுத்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை கேட்டாள்: "அப்பப்பா, இந்தப் பிள்ளை இரவிலை எங்கை படுக்கும்?"

படத்திலே ஆறு கைகளுள்ள கிழவர் வருகிறார், மந்திரக்காரி வருகிறாள், தாயும் தகப்பனும் பன்றிகளாகிறார்கள். அவற்றைப் பற்றியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கை எங்கே என்றுதான் கேட்டாள். இன்றைய பேச்சுக்கு அந்தக் கேள்வியே பொருள்.

நீராவியும் பற்சக்கரமும் மாயமும் கலந்த கற்பனைக்கு மேல்நாட்டார் 'ஸ்டீம்பங்க்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். மியாசாக்கியை அந்தச் சிமிழுக்குள் அடைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தப் படத்தின் உலகம் நீராவியால் இயங்குவது உண்மை. தேவர்கள் களைப்பாற வரும் ஒரு மாபெரும் குளிப்பு மாளிகை. அதன் அடியிலே நிலக்கரி எரியும் கொதிகலன். சற்று அப்பால் புகையிரதப் பாதை. பெற்றோரை இழந்து அங்கே அகப்பட்ட பத்து வயதுச் சிறுமி சிஹிரோ. வேலை செய்யாதவரை அங்கே விலங்காக்கிவிடுவார்கள். ஆகவே அவள் தேட வேண்டியது முதலில் வேலை. படுக்கை அதற்குப் பின்னால்தான் வரும்.

அந்த மாளிகையில் யார் எங்கே தங்குகிறார்கள் என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலாளி யுபாபா உச்சி மாடியில், மேல்நாட்டுப் பாணி அலங்கார அறைகளில். கொதிகலன் கிழவர் கமாஜி அடித்தளத்தில். வேலை செய்யும் இடமே அவருக்குச் சாப்பாட்டு அறை, படுக்கையறை எல்லாம். கரி சுமக்கும் குட்டிப் புகைப்பூச்சிகளுக்குச் சுவரிலே பொந்துகள். பணிப்பெண்களுக்கு நீளமான ஓர் அறை. பாய்த்தரையில் மெத்தைகள் வரிசையாய் விரித்திருக்கும். சிஹிரோவுக்குக் கிடைப்பது அந்த வரிசையில் ஓர் இடம். அதற்கு அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறாள். முதலாளி அவள் பெயரில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு 'சென்' என்று மாத்திரம் விட்டுவைக்கிறாள்.

இது வெறும் மாயக்கதை என்று நான் நினைக்கவில்லை. யப்பானில் நீராவி வந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த அறை பழக்கமானது. 1872 இல் ஷிம்பாஷிக்கும் யொக்கஹாமாவுக்கும் இடையே முதல் புகையிரதம் ஓடியது. அதே ஆண்டில் தொமியொக்கா என்ற ஊரில் பிரெஞ்சுக்காரரின் உதவியோடு அரசு ஒரு பட்டு நூற்பாலையைத் திறந்தது. வேலைக்குப் பெண்கள் வர மறுத்தார்கள். அந்த வெள்ளையர் இரத்தம் குடிக்கிறார்கள் என்று ஒரு கதை பரவியிருந்தது. அவர்கள் குடித்தது சிவப்பு வைன்! கடைசியில் சாமுராய்க் குடும்பத்துப் பெண்களே வந்து விடுதியில் தங்கினார்கள். அது மாதிரி ஆலை. ஓரளவு மரியாதையாக நடத்தினார்கள்.

பின்னால் பெருகிய தனியார் ஆலைகளின் கதை வேறு. கிராமத்திலே தகப்பன் முற்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். மகள் உழைத்து அதைத் தீர்க்க வேண்டும். தங்க இடம் உண்டு. ஆனால் தப்பிப் போகாதபடி சுற்றிலும் வேலி, கதவுக்குப் பூட்டு. தலைக்கு ஏறத்தாழ ஒரு பாய் அளவு இடம். பகல்வேலைக்காரி எழுந்து போன மெத்தையில் இரவுவேலைக்காரி வந்து படுப்பாள்; மெத்தை ஆறுவதே இல்லை. ஆலையிலே தாமே உழைத்த ஹொசொய் வகீசோ இதையெல்லாம் எழுதி 1925 இல் நூலாக வெளியிட்டார். அடுத்த மாதமே, இருபத்தெட்டு வயதில், இறந்துபோனார்.

நகரத்துக்குப் புதிதாய் வந்தவருக்கு வேறு வழியும் இருந்தது. கையில் கொஞ்சம் பணமுள்ள மாணவர் என்றால் சாப்பாட்டோடு கூடிய வாடகை அறை. நட்சுமே சோசெகியின் 1908 ஆம் ஆண்டு நாவலில், தெற்கேயிருந்து புகையிரதம் ஏறி டோக்கியோவுக்கு வரும் சன்ஷிரோ அந்த வகை இளைஞன். ஏழைக்கு 'நகயா'. நீண்ட வீடு என்பது சொல்லின் பொருள். நமக்கு விளங்கும்படி சொன்னால் லயம். பழைய மலிவான நகயா ஒன்றின் ஓர் அறை ஒன்பது அடிக்குப் பன்னிரண்டு அடி. நம் மலையகத்து லயக் காம்பிராவையும் பத்துக்குப் பன்னிரண்டு என்றுதானே சொல்வார்கள்! வாசலில் மண்தரை, அங்கேயே அடுப்பு. மிச்சம் நாலரைப் பாய் இடம். கிணறும் மலசலகூடமும் ஒழுங்கையில், எல்லாருக்கும் பொது. அந்தக் கழிவைக் கமக்காரருக்கு விற்ற பணமும் வீட்டைப் பார்ப்பவருக்கே போகும்.

எனக்கு அந்த நாலரைப் பாயே மேல். வாடகையை அடைத்தால் கதவு உன்னுடையது, பெயரும் உன்னுடையது. ஆனால் அதற்குள் நுழைவது இலேசல்ல. எடோக் காலத்திலிருந்தே நகயாவில் இடம் கேட்பவருக்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டும். யாரையும் அறியாத புதியவர் பிணைக்கு எங்கே போவது? நானும் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து, "உம்மை ஆருக்குத் தெரியும்?" என்ற கேள்விக்கு விடையில்லாமல் இரண்டு வாசல்களிலிருந்து திரும்பியவன்.

அதனால்தான் படத்தில் ஒரு சின்னக் காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. பணிப்பெண் லின் கொதிகலன் அறைக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள். சிறுமியைக் கண்டு திடுக்கிடுகிறாள். கிழவர் கமாஜி முகத்தை மாற்றாமல் சொல்கிறார்: இவள் என்னுடைய பேத்தி. சுத்தப் பொய்! சற்று முன்புதான் அவளை அவர் முதன்முதலாகக் கண்டார். அந்தப் பொய்தான் அவளுக்குப் பிணை. பிறகு ஒரு நாள் அவள் அழுது களைத்து அவருடைய தரையிலே தூங்கிவிட, கிழவர் ஓர் இருக்கை மெத்தையை எடுத்து மேலே போர்த்துவிடுகிறார். என் பேத்திக்கு அப்போது விடை கிடைத்தது. "இஞ்சைதான் படுக்கிறாள்" என்றாள்.

நான் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் கூரைவரை எட்டும் சிறிய மர இழுப்பறைகள். டோக்கியோவின் மேற்கே கொகனேயில் உள்ள திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்தில் ஒரு பழைய எழுதுபொருட் கடை இருக்கிறது. அதன் இழுப்பறைச் சுவரே இதற்கு மாதிரி என்பார்கள். லின் ஒருநாள் கடலுக்கு அப்பால் தெரியும் பட்டினத்துக்குப் போய்விடப் போவதாகச் சொல்கிறாள். கிழவர் அப்படி எதுவும் சொல்வதில்லை. சிறுமிக்குப் பயணம் போக வேண்டி வந்தபோது மாத்திரம் ஓர் இழுப்பறையைத் துழாவிப் புகையிரதச் சீட்டுகளை எடுத்து நீட்டுகிறார். நாற்பது வருடங்களுக்கு முன் பாவித்தது போக மிஞ்சியவையாம். முன்பு திரும்பி வரும் வண்டியும் இருந்தது, இப்போது போகும் வண்டி மட்டுந்தான் என்கிறார். சீட்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொதிகலனடியிலேயே இருந்துவிடுகிறார்.