படத்தில் பார்த்த இரண்டு பெண்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. பண்டிகைக்கு வர்ற பெரிய ஹீரோ படம் இல்லை. பெரிய கம்பெனி தயவு இல்லாமல், கொஞ்சக் காசில் எடுக்கிற சுயாதீனப் படங்கள். அதில் பெண்ணோட ஆசையை எப்படிக் காட்டுறாங்க என்பதுதான் பேச்சு. பின்வரிசையில் சிலர் முந்தானையால் வாயைப் பொத்துறது தெரியுது. பொத்திக்கோங்க, காதை மட்டும் பொத்தாதீங்க.

பெரிய படத்தில் பத்து ஆம்பளைங்க சுத்தி நிற்க ஒருத்தி ஆடுவா. கேமரா அவ இடுப்பைப் பார்க்கும். அவ எதைப் பார்க்கிறா, அவளுக்கு யாரைப் பிடிக்கும்? அதை யாரும் கேட்க மாட்டாங்க.

லீனா மணிமேகலை இயக்கின ‘மாடத்தி’ அப்படி இல்லை. 2019இல் தென்கொரியாவில் பூசான் திரைப்பட விழாவில் காட்டின படம். கதை நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் புதிரை வண்ணார் மக்களைப் பற்றியது. ஒடுக்கப்பட்டவங்களுக்கே துணி வெளுக்கிற சனம். தீட்டுத் துணியும் அவங்கதான் துவைக்கணும், ஆனா யார் கண்ணிலும் படக் கூடாது. அந்த வீட்டுப் பொண்ணு யோசனா, ஆற்றில் குளிக்கிற ஒருத்தனை மறைஞ்சு நின்னு பார்க்கிறா. யாரும் பார்க்கக் கூடாதவ பார்க்கிறா, ஆசைப்படுறா. கேமராவும் அவ கண்ணோட போகுது. அப்புறம் ஊர் ஆம்பளைங்க அவளைச் சீரழிக்கிறாங்க. அவ தெய்வமாகிறா.

நம்ம பக்கத்தில் மாடத்தின்னு பேர் வச்சவங்க எத்தனை பேர்! அநியாயமாச் செத்தவளுக்குப் பொங்கல் வைக்கிறது நமக்குப் பழக்கம். உயிரோட இருந்தப்ப உனக்கு என்ன வேணும்னு அவளைக் கேட்டிருப்போமா?

ஆனா இந்தப் படத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆசைப்பட்டவ கடைசியில் சாகத்தான் வேணுமா? சாதிக் கொடுமையைச் சொல்ல வந்த படம், அதனால் இயக்குநர் பக்கம் நியாயம் இருக்கு. இருந்தாலும் பார்த்துட்டு வீட்டுக்குப் போற சின்னப் பொண்ணுக்குப் பயம்தானே மிஞ்சும்?

அதனால் எனக்கு ரொம்பப் பிடிச்சது அலங்கிருதா ஸ்ரீவஸ்தவா எடுத்த ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ என்கிற இந்திப் படம். பெண்களோட கற்பனை அளவுக்கு மீறிப் போகுதுன்னு 2017இல் சென்சார் போர்டு முதலில் சான்றிதழ் தர மறுத்தது. மேல்முறையீடு பண்ணி, அதே வருஷம் ஜூலையில் ‘ஏ’ சான்றிதழோட வெளியிட்டாங்க.

போபாலில் நாலு பெண்கள். அதில் ஒருத்தி 55 வயசு விதவை. எல்லோருக்கும் அவ ‘அத்தை’தான். சாமிப் புத்தகத்துக்குள்ள காதல் கதையை ஒளிச்சு வச்சுப் படிக்கிறா. நீச்சல் கத்துக்கப் போற இடத்தில் பேர் கேட்கிறாங்க. தன் பேர் உஷான்னு சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகுது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி! குழு நோட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் சொந்தப் பேரே ஞாபகம் வருது. (கடலோரத்திலேயே பிறந்தும் நீச்சல் தெரியாதவங்க நம்மில் எத்தனை பேர் என்பது வேற கதை.)

அவ ஆசை வெளியே தெரிஞ்சதும் வீட்டுக்காரங்க சாமானைத் தெருவில் எறியுறாங்க. ஆனா அவ சாகலை. நாலு பெண்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, கிழிஞ்சு போன அந்தக் கதையைப் படிக்கிறாங்க. யாருக்கும் எந்தப் பிரச்சினையும் தீரலை. நம்ம குழுக்கூட்டம் மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சது.

ஆனா நம்ம கூட்டத்தில் உள்கடன், தவணை, வங்கிக் கடன் எல்லாம் பேசுறோம். முப்பது வயசில் புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவ இன்னொரு கல்யாணத்துக்கு ஆசைப்பட்டா பேசுறோமா? ராத்திரி குடிச்சிட்டு வர்றவன்கிட்ட ‘வேண்டாம்’னு சொல்ல முடியலையேன்னு அழுறவ யார்கிட்டச் சொல்வா? 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், புருஷன் பண்ணினாலும் பாலியல் கொடுமை வன்முறைதான்னு சொல்லுது. 181க்குப் போன் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி பக்கத்தில் இருக்கிறவகிட்ட வாயைத் திறக்கணுமே. தனக்கு என்ன பிடிக்கும்னு ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாதவ, பிடிக்கலைன்னு எப்படிச் சொல்வா?

அடுத்த மாசக் கூட்டம் முடிஞ்சதும் அந்த இந்திப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம்னு தலைவிகிட்டக் கேட்டிருக்கேன். பாஷை புரியாத இடத்தில் நிறுத்தி நான் சொல்றேன். பெரியவங்க மட்டும் பார்க்கிற படம், பிள்ளைகளை வீட்டில் விட்டுட்டு வாங்க. மாமியாரைக் கூட்டிட்டு வந்தாலும் சந்தோஷம்தான்.