கண்டிப் பள்ளிகளுக்கு றகர் தந்த ஆசிரியர்

பந்தை ஏந்தி ஓடுபவனை ஊர் அறியும். அவனுக்கு வழி திறக்கவேண்டிக் குனிந்து, தோள்கொடுத்து, எதிரணியின் பாரத்தைத் தாங்கி நிற்பவனை அவன் தாய் மட்டுமே அடையாளம் காண்பாள். அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலே தற்காப்பு வரிசை வீரன் என்றொருவன் உண்டு. கையை நிலத்தில் ஊன்றிப் பதுங்கியிருந்து, ஆட்டம் தொடங்கிய கணமே எதிர்வரிசையை மோதித் தகர்ப்பது அவன் தொழில். இவனுடைய மூதாதை றகர் ஆட்டத்து முன்வரிசை வீரனே. 1880ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்து வோல்டர் காம்ப் என்பார், இரு அணியினரும் பிணைந்து தள்ளும் 'ஸ்க்றம்' என்னும் அமைப்பை நீக்கி, எதிரெதிரே நிற்கும் வரிசையாக மாற்றினார். அதிலிருந்தே அமெரிக்க ஆட்டம் தனிவழி சென்றது.

மாறாத பழைய ஆட்டம் நமது மலைநாட்டுக்கும் வந்தது. 1879இல் கொழும்பில் ஆடப்பெற்றது. மலைநாட்டிலே தோட்டத் துரைமார் தம் கழகங்களில் அதனை ஆடினர். அம்மைதானங்களைச் சூழ்ந்த சரிவுகளிற் கொழுந்து பறித்த தமிழ் மக்களுக்கு அது வெறும் துரைமார் விளையாட்டு. வேலிக்கு அப்பாற்பட்ட பொருள். அந்த வேலியைத் தாண்டி ஆட்டத்தை நம் நாட்டுப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1861ஆம் ஆண்டு கண்டியிலே பறங்கியர் குடியிற் பிறந்தார். திரித்துவக் கல்லூரியிற் பயின்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்று, கல்கத்தாவிலும் லாகூரிலும் ஆசிரியராக இருந்தார். அங்கேயே தங்கியிருந்தால் வாழ்வு வசதியாகவே கழிந்திருக்கும். ஆயினும் ஊர் திரும்பி, 1891ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், கண்டி பவிலியன் வீதியிலே ஒரு பள்ளியைத் திறந்தார். முதல்நாள் வந்த மாணவர் பதினொருவர். றகர் அணிக்கோ பதினைவர் வேண்டும்! கையிலிருந்த பள்ளி ஓர் அணிக்குக்கூடப் போதாத நிலையிலே தொடங்கியவர்தாம், சில ஆண்டுகளுக்குள் அவ்வாட்டத்தைத் தம் மாணவருக்குப் பழக்கினார். பிற்காலத்திற் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர்பெற்றது அப்பள்ளியே.

ஏன் றகர்? கிரிக்கெட் ஆட்டத்திலே துடுப்பாட்டக்காரன் தனியே நின்று புகழ் தேடலாம். ஸ்க்றத்திலே அது நடவாது. அணிக்கு எண்மர் ஒருவர் தோளை ஒருவர் இறுகப் பற்றி, தலைகளைக் கோத்து, ஒரே மூச்சிலே தள்ளவேண்டும். ஒருவன் தளர்ந்தால் எண்மரும் சரிவர். பக்கத்திலே நிற்பவன் சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா, பறங்கியனா என்று அங்கே கேட்க நேரமில்லை. பிடி தளர்ந்ததா இல்லையா என்பதே கேள்வி. பல இனத்துப் பிள்ளைகள் வாழும் ஊரில் ஓர் ஆசிரியருக்கு இதனினும் ஏற்ற ஆட்டம் வேறு அமையாது.

ஓர் அணி இருந்தாற் போதுமா? எதிர்த்து நிற்க இன்னொன்று வேண்டுமே. நெடுங்காலம் கழித்தே அது வாய்த்தது. 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே, போகம்பறை மைதானத்தில், கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் எதிர்நின்றன. இலங்கையிற் பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் றகர் போட்டி அதுவே. திரித்துவக் கல்லூரியின் அதிபராக அப்போது இருந்தவர் பிரேசர் பாதிரியார். அதுவோ பெரிய கல்லூரி. பிளேஸ் தாமே பயின்ற இடம். தம் ஆசிரியமனையை எதிர்த்துத் தாம் வளர்த்த பிள்ளைகளைக் களத்தில் இறக்கிய அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ! இக்காலத்தில் ஒரு 'ட்றை'க்கு 5 புள்ளி. அன்று 3 புள்ளியே. ஆட்டம் முடிந்தபோது இரு பக்கமும் ஆறு ஆறு. பெரியது வெல்லவுமில்லை, சிறியது தோற்கவுமில்லை.

பிளேஸ் 1923இல் ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், சேர் ஜோன் றாண்டில்ஸின் கொடையால், முல்கம்பொலைக் குன்றிலே கல்லூரிக்குப் புதிய கட்டடங்கள் எழுந்தன. பிள்ளைகளுக்கென இலங்கைச் சரித்திரம் எழுதியவரும் அவரே. ஆயினும் அவர் பெயரைச் சொன்னாற் கண்டியார் முதலில் நினைப்பது பந்தையே. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடத் தொடங்கின. அதனையும் கண்டபின், 1951இல், தம் தொண்ணூறாவது வயதை நெருங்கிய வேளையில் அவர் காலமானார்.

இன்று றகர் என்றால் கண்டி எனும் நிலை வந்துவிட்டது. நித்தவெல மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம் 1992ஆம் ஆண்டிலே முதன்முறை தேசிய லீக் கிண்ணத்தை வென்று, அதன்பின் பன்முறை அதனைக் கைக்கொண்டது. ஆட்ட நாட்களிற் பேராதனை வீதிப் பக்கத்திலிருந்தும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்தும் மக்கள் அங்கே திரள்கின்றனர். பந்தோடு ஓடுபவனுக்கே ஆரவாரம் அதிகம். மைதானத்தின் நடுவிலே, சேறு படிந்த முகங்களோடு, எண்மர் மீண்டும் குனிகின்றனர்.