இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் நம்மை அழைத்தபோது, “இலக்கியம் பேச வல்ல புலவர்கள் இருவர் வருகின்றனர், தாங்கள் இக்காலத்து இளைஞர் கண்விழித்துப் பார்க்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாகாதா?” என்று கேட்டனர். அவ்வாறே ஆகட்டும் என்று இசைந்தோம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசியின் வெளிச்சம் தெரிகிறது. அதில் ஓடுவது பெரும்பாலும் பாட்டுமன்று, கூத்துமன்று. என்றோ முடிந்துபோன ஒரு கொலை வழக்கு. யாரோ ஒருவர் தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கிறார். அவர் உண்மையில் குற்றவாளிதானா என்று படம் எடுத்தவர் கேட்கிறார். மறுநாட்காலையில் பேருந்துக்காக நிற்குமிடத்தில், “அவன் செய்திருக்க மாட்டான்” என்று ஒருவரும், “அவன்தான் செய்தான்” என்று மற்றொருவரும் வாதிடுகின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாம் சட்டம் கற்றவரல்லோம். ஆயினும் அவ்வாதங்களில் நாமும் கலந்துகொண்டது உண்டு; ஆதலின் சிறிது பேச உரிமை உண்டென்று எண்ணுகிறோம்.

இவ்வகைப் படங்களால் நன்மையே இல்லை என்று சொல்லத் துணியோம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு 1977இல் மரண தண்டனை விதித்தனர். பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. எர்ரால் மோரிஸ் என்னும் இயக்குநர் 1988இல் ‘தி தின் ப்ளூ லைன்’ என்றொரு ஆவணப் படம் எடுத்தார். சாட்சிகளையெல்லாம் தேடிப்பிடித்துப் பேச வைத்தார். ஆடம்ஸ்மீது பழி சுமத்திய இளைஞனின் வாயிலிருந்தே உண்மை ஏறக்குறைய வெளிவந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஆடம்ஸ் விடுதலை பெற்றார். மன்றங்கள் பன்னிரண்டு ஆண்டு காணாததை ஒரு படக் கருவி கண்டது.

ஆனால் எல்லாப் படமும் அத்தகையதன்று. 2015இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ‘மேக்கிங் எ மர்டரர்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவன் ஏவரி என்பவர் செய்யாத குற்றத்துக்குப் பதினெட்டு ஆண்டு சிறையிலிருந்தவர். மரபணுச் சோதனையால் 2003இல் வெளிவந்தார். 2005இல் தெரசா ஹால்பாக் என்னும் பெண் கொலையுண்டாள். 2007இல் அதே ஏவரிக்கு ஆயுள் தண்டனை. முதல் அநீதியைப் பார்த்தவர்கள் இரண்டாவதும் அநீதியே என்று நம்பியதில் வியப்பில்லை. இலட்சக்கணக்கானோர் அவரை மன்னிக்க வேண்டுமென்று கையெழுத்திட்டு விண்ணப்பித்தனர். மாநிலக் குற்றத்தைக் குடியரசுத் தலைவர் மன்னிக்க இயலாது என்று வெள்ளை மாளிகை விடையளிக்க வேண்டியதாயிற்று. முக்கியமான சான்றுகள் சிலவற்றைப் படமெடுத்தோர் விட்டுவிட்டனர் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் முறையிட்டார். பத்து மணி நேரத் தொடர் நீளமானதுதான். ஆயினும் பல வாரம் நடந்த விசாரணையில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் படமெடுப்பவரே. அவரைக் குறுக்கு விசாரணை செய்வார் யாருமிலர்.

நிற்க. அமெரிக்கக் கதை எதற்கு? நம்மவர் வழக்கொன்று உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் தத்தம் பாட்டனாரிடம் கேட்டிருப்பர். இளைஞர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ படம் வெளிவந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர்; நகைச்சுவைக்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அந்நாளில் தமிழ்நாட்டில் அவ்விருவருக்கு இருந்த செல்வாக்கை இன்றைய நடிகர் எவரோடும் ஒப்பிட நமக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் சி. என். இலட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்றொரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தைப் பற்றி உள்ளதும் இல்லாததும் எழுதுவதே அதன் தொழில். எழுதாமலிருக்கப் பணம் பெற்றார் என்றும் கூறுவர். பாகவதரும் கலைவாணரும் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப் அவர்களிடம் முறையிட, பத்திரிகையின் உரிமம் ரத்தாயிற்று. இலட்சுமிகாந்தன் சோரவில்லை, ‘இந்து நேசன்’ என்னும் வேறொரு பத்திரிகையின் வழியே அதே வேலையைத் தொடர்ந்தார். திட்டியவர்களும் ஒளித்து வைத்து வாங்கிப் படித்தனர் என்பதை இங்கே சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

1944 நவம்பர் 8ஆம் நாள், வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினர். குத்துண்டவர் தம் வழக்கறிஞர் வீடு வரை சென்று முறையிட்டார். பின்னர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் உயிர் நீத்தார். டிசம்பர் மாத இறுதியில் பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். சதி செய்து ஆள் வைத்துக் கொன்றனர் என்பது குற்றச்சாட்டு. ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் உடன் நிறுத்தப்பட்டனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது ஜூரர்களோடு விசாரணை நடந்தது. அரசுத் தரப்பின் பெரிய தூண், குற்றத்தில் தாமும் பங்கு கொண்டதாகச் சொல்லி அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம். 1945 மே 3ஆம் நாள், ஜூரர்கள் பெரும்பான்மையால் குற்றவாளிகள் என்றனர். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் தீவாந்தர தண்டனை. மேல் முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளிற்று. பின்னர் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போயினர். மேல் முறையீட்டை மீண்டும் கேட்குமாறு அது சென்னைக்கே திருப்பியனுப்பிற்று. 1947 ஏப்ரலில், அரசுத் தரப்புச் சாட்சியம் தண்டனையைத் தாங்கப் போதாதென்று கண்டு, நீதிபதிகள் இருவரையும் விடுவித்தனர்.

உடனிருந்து குற்றம் செய்ததாகச் சொல்பவனின் சொல்லை வேறு சான்று தாங்காவிடில், அதனை ஐயத்தோடு பார்க்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. விதி புதிதன்று, அதைப் பொருத்திப் பார்ப்பதற்கு இரண்டாண்டும், கடல் கடந்த பயணமும், பெருஞ்செல்வமும் வேண்டியிருந்தன. பாகவதர் வெளியே வந்தபின் எடுத்த படங்கள் ஓடவில்லை, 1959இல் மறைந்தார். கலைவாணர் மீண்டும் புகழ்பெற்று 1957இல் மறைந்தார்.

இக்கதையைச் சொல்வோர் யாவரும் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்கின்றனர். நாமும் பலமுறை அவ்வாறே நிறுத்தியிருக்கிறோம். அண்மையில் நம் மகள் கேட்டாள்: “அப்படியானால் இலட்சுமிகாந்தனைக் கொன்றது யார், அப்பா?” நமக்கு விடை தெரியவில்லை. எவருக்கும் தெரியவில்லை. எண்பது ஆண்டாகியும் அது தெளிவுறவில்லை. அதைவிட வெட்கத்துக்குரியது, அக்கேள்வி நமக்கு அதுவரை தோன்றாமலே இருந்தது. அவர் பழி எழுதிப் பிழைத்தவர், மெய்தான். பழி எழுதியவரைக் கத்தியால் குத்தலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நம் கதையில் அவர் பாகவதரின் வாழ்வைக் கெடுக்க வந்த ஒரு பாத்திரமாகவே நின்றுவிட்டார். ரிக்‌ஷாவில் குருதி ஒழுக அமர்ந்திருந்த மனிதராக அவரை நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. அது மட்டுமா? நடிகர்களோடு தண்டனை பெற்ற மற்றவர்களின் பெயரை இங்குள்ளோரில் எத்தனை பேர் சொல்ல இயலும்? அவர்கள் பாடத் தெரியாதவர்கள். ஆகவே அவர்களைப் பற்றிப் பெருமூச்சு விடுவாருமில்லை.

சாட்சியம் என்பதைப் பற்றி நம் அனுபவமொன்றைச் சொல்ல வேண்டும். இம்மலைக்குப் புகைவண்டி இல்லை. ஆனால் நமக்குப் பிழைப்பு அதிலேதான். பயணச் சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் அமர்ந்தால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முகங்கள். ஒருமுறை காவலர் ஒருவர் வந்து, ஒரு நிழற்படத்தைக் காட்டி, “மூன்று வாரத்துக்கு முன் இவன் இங்கே சீட்டு வாங்கினானா?” என்றார். உற்றுப் பார்த்தோம். “பார்த்தாற்போல் இருக்கிறது” என்றோம். மாலையில் அவர் மீண்டும் வந்து, காலையில் காட்டியது வேறு ஆளின் படம், தவறிப்போயிற்று என்று சொல்லி, இன்னொன்றை நீட்டினார். நாம் வெட்கமின்றி, “இவரையும் பார்த்தாற்போல் இருக்கிறது” என்றோம்! அவர் சிரித்தார். நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொய் சொல்லும் எண்ணம் நமக்கு அணுவளவும் இல்லை. கேட்கும் ஒருவருக்கு உதவ வேண்டுமென்ற ஆசைதான் ‘ஆம்’ என்று சொல்ல வைத்தது. அவர் சிரிக்காமல் முதற் படத்தோடு போயிருந்தால், அந்த ‘ஆம்’ எந்த ஊர் மன்றத்தில் யார் கழுத்தைச் சுற்றியிருக்குமோ?

வேறொரு வழக்கு. 2008இல் டில்லிக்கு அருகே நோய்டாவில் ஆருஷி என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி தன் வீட்டில் கொலையுண்டாள். அவ்வீட்டுப் பணியாள் ஹேமராஜைக் காணவில்லை. ஆகவே அவனே கொன்றிருப்பான் என்று காவலர் முடிவு கட்டித் தேடினர். மறுநாள் அதே வீட்டு மாடியில் ஹேமராஜின் பிணம் கிடைத்தது. அன்பர்களே, அவர் நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஊர்விட்டு ஊர் வந்தவன்மேல் முதல் ஐயம் எவ்வளவு எளிதாக விழுகிறது என்பதை மலையேறிப் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னர் பெற்றோர்மீதே வழக்கு நடந்தது, 2013இல் தண்டனை, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஐயத்தின் பயனை அளித்து விடுதலை செய்தது. கீழ் மன்றத்து நீதிபதி திரைப்பட இயக்குநரைப் போலச் சிதறிய செய்திகளைக் கோத்துக் கதை அமைத்தார் என்னும் கருத்துப்பட அத்தீர்ப்பில் ஒரு நீதிபதி எழுதினார். இவ்வழக்கைப் பற்றிப் படமும் வந்தது, நூலும் வந்தது, ஆவணத் தொடரும் வந்தது. எல்லாம் ஆருஷி வழக்கு என்றே வழங்கின. ஹேமராஜ் வழக்கு என்று சொன்னவர் யார்?

இறந்தவர் பக்கம் நிற்பவர் பேசினால் என்னாகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் 1999இல் ஹே மின் லீ என்னும் பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். தண்டனை பெற்ற அட்னான் சையதைப் பற்றி 2014இல் ‘சீரியல்’ என்னும் ஒலித்தொடர் வந்து கோடிக்கணக்கானோர் கேட்டனர். 2022இல் தண்டனை நீக்கப்பட்டு அவர் வெளிவந்தார். மாணவியின் குடும்பத்தார், எங்களுக்கு உரிய அறிவிப்பின்றி முடிவு செய்தீர்களே என்று முறையிட்டனர். மேல் மன்றங்கள் அவர்கள் சொன்னது சரியென்று கூறி, குற்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தின. 2025இல் அவரது சிறைக்காலம் போதுமென்று ஒரு நீதிபதி குறைத்தார். தீர்ப்பு நிற்கிறது, அவரும் வெளியே இருக்கிறார். அவர் குற்றவாளியா அல்லவா என்று நாம் சொல்ல மாட்டோம். தொடரைக் கேட்ட கோடிப் பேருக்கும் சையதின் குரல் தெரியும். லீயின் குரலைக் கேட்டவர் அவள் வீட்டார் மட்டுமே.

இனிச் சொல்லப்போவது நமக்கு மிக அருகில் நடந்தது. சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறோம். 2021 ஜூன் 30ஆம் நாள், வண்டிப்பெரியாற்றில் ஒரு தோட்டத்து லயத்தில் ஆறு வயதுக் குழந்தை உயிரிழந்து கிடந்தது. அதன் பெயரைச் சொல்லச் சட்டம் இடம் தராது. நாமும் சொல்ல விரும்போம். முதலில் விபத்தென்று எண்ணப்பட்டது, பிறகு கொலையென்று தெரிந்தது. 2023 டிசம்பர் 14ஆம் நாள், கட்டப்பனை நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. புலனாய்வில் நேர்ந்த குறைகளையும் எடுத்துக் காட்டிற்று. அரசு மேல் முறையீடு செய்தது. தீர்ப்பு வந்த அன்று மன்ற வளாகத்தில் அக்குடும்பத்தார் அழுத அழுகையை நாம் தொலைக்காட்சியில் கண்டோம்.

நாளை யாரேனும் படக் கருவியோடு இம்மலைக்கு வரக்கூடும். லயத்துத் திண்ணையில் நம்மை உட்கார வைத்து, யார் செய்தார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கக்கூடும். வந்தவர் ஏமாறாதிருக்க வேண்டுமே என்று நம் நாக்கில் ஏதேனும் ஒரு பெயர் எழும். அப்பெயரைச் சொல்லுமுன், நாம் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். கண்டது ஒன்றுமில்லையெனில் ஒன்றுமில்லை என்றே சொல்லுங்கள். அதனால் உங்கள் முகம் படத்தில் வராமற் போகலாம். அக்குழந்தையைப் பற்றிக் கேட்டால் மட்டும், தெரிந்தவர் சற்று விரிவாகவே பேசுங்கள்.

நேரம் மிகுந்துவிட்டது. தலைவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு வில்லுப்பாட்டுக் குழுவினர் குடத்தோடு காத்திருக்கின்றனர். கலைவாணரும் வில்லடித்துத் தொடங்கியவரே.