வெயிற்காலத் தேனீ வளர்ப்பில் பாதுகாப்பு உடை



தேனீ வளர்ப்பை ஊரகத் துணைத் தொழிலாகப் பரப்பும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2020-இல் அறிவிக்கப்பெற்ற தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் அதற்கு மேலும் ஊக்கமளித்தது. ஐதராபாத் இராஜேந்திரநகரிலுள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் ஊரகத் தொழில்நுட்பப் பூங்காவிலும் இத்தொழிலுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டு வந்துள்ளது. பெட்டியையும் தேன்பிழி கருவியையும் தேர்வதில் செலுத்தும் கவனத்தைப் பணியாளர் அணியும் உடையிலும் செலுத்துதல் இன்றியமையாதது.

ஐதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. இவ்வறண்ட வெயிலில் வியர்வை விரைந்து ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். காற்றுப் புகாத தடித்த உடையோ இவ்வியற்கைப் பாதுகாப்பைத் தடுத்துவிடுகிறது. தலைச்சுற்றலுற்ற பணியாளர் பெட்டியருகிலேயே முகவலையைக் கழற்ற நேர்ந்தால், உடை இருந்தும் பயனில்லை. அணிந்திருக்க இயலாத உடை பாதுகாப்பாகாது.

வெண்மை அல்லது வெளிர் நிறமுடைய வழவழப்பான பருத்தித் துணி ஏற்றது. கருநிறமும் கம்பளி போன்ற உரோமப் பரப்பும் தேனீக்களைச் சினமூட்டும். உடை தளர்வாக இருத்தல் வேண்டும். வியர்வையில் நனைந்த மெல்லிய துணி தோளிலும் முழங்காலிலும் ஒட்டிக்கொள்ளும். அவ்விடங்களில் கொடுக்கு எளிதில் ஊடுருவும். இடையில் தடித்த வலை வைத்து மூன்று அடுக்காகத் தைக்கப்பட்ட காற்றோட்ட உடை இக்குறையைப் போக்குகிறது. கொடுக்கு தோலை எட்டாதவாறு இடைவெளி காக்கும், காற்றும் உட்புகும். விலை கூடுதலாயினும் நெடுநேரம் பணிபுரிவோர்க்கு அது தகுந்ததே.

முகவலை, அகன்ற விளிம்புடைய தொப்பியிலிருந்து முகத்தைத் தொடாமல் தொங்க வேண்டும். முன்புற வலை கறுப்பாயிருந்தால் பார்வை தெளிவாகும். தடித்த கையுறை விரல்களின் உணர்வை மழுக்குவதால் தேனீக்கள் நசுங்கக்கூடும். அப்போது எழும் எச்சரிக்கை மணம் மற்றத் தேனீக்களையும் கொட்டத் தூண்டும். கொடுக்குப் பதிந்த துணியிலும் அம்மணம் தங்குமாதலால் உடையை அடிக்கடி துவைத்தல் அவசியம்.

தேனீயின் இனத்தையும் கருத வேண்டும். பெட்டியில் வளரும் இந்தியத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் போதுமான உடை, உயர்ந்த கட்டடங்களில் கூடு கட்டும் மலைத்தேனீயின் கூட்டுத் தாக்குதலுக்குப் போதாது.

உடையோடு நேரமும் சேர்ந்ததே பாதுகாப்பு. வெயில் ஏறுமுன் காலையில் பெட்டிகளைத் திறந்து பார்த்தல், அருகில் நிழலும் குடிநீரும் அமைத்தல், புகைப்பானை அளவோடு பயன்படுத்தல் ஆகியவை செலவு குறைந்த வழிகள். கொட்டுப்பட்டவர்க்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

பாதுகாப்பு உடைகளைக் கொள்முதல் செய்யும் அலுவலர்கள், குளிர்நாட்டு மாதிரியையோ குறைந்த விலையையோ மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. உடையைப் பணியாளர் ஒருவர் கோடைக் காலையில் ஒரு மணி நேரம் அணிந்து பணிபுரிந்த பின்னரே அதனைத் தேர்ந்தெடுப்பது முறையாகும்.